மாலை வகுப்புக்கு வராத பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியின் சுருக்கம்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில், 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு இன்னும் தமிழ் வாசிக்க வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு தன்னார்வலர்களைத் திரட்டி மாலை வகுப்பு தொடங்கியது. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள் தவறாமல் வருகிறார்கள். யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. 'டிசைன் திங்கிங்' (பயன்படுத்துகிறவரிடமிருந்து தொடங்கித் தீர்வை வடிவமைக்கும் முறை) என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது இதற்கு உதவுமா, என்ன செய்ய வேண்டும்?

உதவும். பயிற்சிகளில் அதிக நேரம் போவது வண்ணச் சீட்டுகளில் யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதில். உங்களுக்கு அது அரை மணி நேர வேலை. மீதி உழைப்பு முழுவதும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: வராத பிள்ளை யார், அந்தப் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்று அறிவது; பிறகு செய்து பார்த்ததை அந்தப் பிள்ளையை வைத்தே எண்ணிப் பார்ப்பது.

உங்களுக்கு நடந்தது மற்ற இடங்களிலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு ஊர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்புகள் நடத்தச் செய்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இருந்த குழு அதை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசிப்பில் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் வந்தார்கள். கற்பித்த முறை சரியாக இருந்தும் பெரும்பாலான பிள்ளைகளை அது எட்டவில்லை. இப்படி நடந்தால் இடைவெளி குறையாது, இன்னும் கூடும். ஏனென்றால் கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே முன்னால் நிற்கிற பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

டிசைன் திங்கிங்கை ஐந்து படிகளாகச் சொல்வது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வடிவமைப்புப் பள்ளி வழியாகப் பரவிய பழக்கம்: பயன்படுத்துகிறவரைப் புரிந்துகொள்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகள் திரட்டுவது, மலிவான ஒரு மாதிரியைச் செய்வது, அதைச் சோதிப்பது. ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் இந்த ஐந்து போதாது என்று 'நேஷனல் ஈக்விட்டி ப்ராஜெக்ட்' என்ற அமைப்பும் ஸ்டான்ஃபோர்டின் பள்ளிக் கல்விப் பிரிவும் சேர்ந்து இன்னும் இரண்டைச் சேர்த்தன. தொடங்குமுன் நாம் யார், எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்று கவனிப்பது ஒன்று. ஒவ்வொரு படியிலும் நின்று யோசிப்பது இன்னொன்று. நம் ஊர்களுக்கு இந்த இரண்டும் மற்ற ஐந்தைவிட முக்கியம் என்பேன். மாலை வகுப்பு எங்கே நடக்கிறது? கோயில் மண்டபத்திலா, ஊர்த்தெருவில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலா? காலனிப் பிள்ளை அங்கே தயங்காமல் வந்து உட்காருமா? இடத்தை முடிவு செய்த கூட்டத்தில் காலனிப் பெற்றோர் எத்தனை பேர் இருந்தார்கள்? கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்றிருக்கிறது. முதல் வேலையாக உங்கள் குழுவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயருக்கு இருந்து கையெழுத்து மட்டும் போடுகிறவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது பட்டியல். 'சிலருக்கு வாசிக்க வரவில்லை' என்பதை வைத்துக்கொண்டு எதையும் வடிவமைக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, ஐந்து நிமிடம், வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதற்கு, ஊர்ப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' கணக்கெடுப்பில் பயன்படும் முறை எளிது. ஒரே தாளில் நான்கு பகுதிகள்: தனி எழுத்துகள் பத்து, எளிய சொற்கள் பத்து, 1-ஆம் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, 2-ஆம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடங்கலில்லாமல் வாசித்தால் கதைக்குப் போங்கள். பத்தியில் திக்கினால் சொற்களுக்கு இறங்குங்கள். பிள்ளையே தேர்ந்தெடுக்கும் ஐந்தில் நான்கு சரியாக வந்தால் அது சொல் நிலை. அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகளில் அதே கணக்கு. கடைசியாக எட்டிய இடம்தான் அந்தப் பிள்ளையின் நிலை.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போகிற இடங்கள் நான்கு. வகுப்பறையில் எல்லோர் முன்னும் வாசிக்கச் சொன்னால் தெரிந்த பிள்ளையும் வாயைத் திறக்காது. மரத்தடியில் அருகருகே உட்கார்ந்து கேளுங்கள். பாடப்புத்தகப் பத்தியைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பிக்கும். புதிதாக எழுதிய பத்தியே வேண்டும். சில பிள்ளைகளுக்கு உண்மையில் கண் பார்வைதான் குறை. தாளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனாலோ கண்ணைச் சுருக்கினாலோ குறித்துவைத்து, வாசிப்பு வகுப்புக்கு முன் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையை 'மெதுவாகக் கற்பவர்' என்று எழுதிவிடாதீர்கள். வடமாநிலத் தொழிலாளர் குடும்பம், நரிக்குறவர், தெலுங்கு பேசும் குடும்பம் என்று வீட்டு மொழியைத் தனியே ஒரு கட்டத்தில் எழுதுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாசிப்பு நிலை, கடந்த இரண்டு மாதப் பள்ளி வருகை, வீடு இருக்கும் குடியிருப்பு, மாலை வகுப்புக்கு வந்த நாட்கள் என எழுதி, வாசிப்பு நிலை வரிசையில் அடுக்குங்கள். எழுத்து நிலையிலும் சொல் நிலையிலும் இருப்பவர்கள் மேலே வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரே குடியிருப்பு, எத்தனை பேர் மூத்த பெண் பிள்ளை, எத்தனை பேர் ஜனவரிக்குப் பிறகு காணாமல் போகிறவர்கள் என்று பார்த்தால் சிக்கலின் உருவம் அப்போதே கொஞ்சம் தெரிந்துவிடும். ஜனவரி முதல் கோடை முடியச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிற பிள்ளைக்கு எந்த மாலை வகுப்பும் உதவாது; அது தனிச் சிக்கல், தனியாகத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பட்டியல் தலைமை ஆசிரியரின் பீரோவில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே நாளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வந்துவிடும்.

இனி வீடுகள். எல்லா வீடும் வேண்டியதில்லை, ஒன்பது அல்லது பத்து போதும். பட்டியலின் மேலே உள்ளவர்களில் ஆறு பேர், ஒழுங்காக வருகிறவர்களில் இரண்டு பேர் (ஒப்பிட்டுப் பார்க்க), பள்ளியை விட்டே நின்றுவிட்டவர் ஒருவர் அல்லது இருவர். இரண்டிரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. ஆசிரியரோ ஊராட்சித் தலைவரோ கூட வந்தால் பெற்றோர் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள், உண்மை வராது. அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் இருவரில் இருந்தே ஆக வேண்டும்.

'ஏன் பிள்ளையை அனுப்பவில்லை?' என்று கேட்காதீர்கள். அது குற்றச்சாட்டாகக் காதில் விழும். 'இனிமே அனுப்புறோம் சார்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பதிலாக, நேற்று நடந்ததைக் கேளுங்கள். ஒரு தாளில் மாலை 4 மணி முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டுக்கொண்டு, பள்ளி விட்டதிலிருந்து தூங்கும்வரை நடந்ததைப் பிள்ளையும் அம்மாவும் சொல்லச் சொல்ல நிரப்புங்கள். நிரப்பிய தாள் இப்படி இருக்கும்: 4.30 பள்ளியிலிருந்து வீடு, 5 மணிக்குப் பாட்டி வீட்டிலிருந்து தம்பியைத் தூக்கி வருதல், 5.30 முதல் 6.30 வரை தெருக்குழாயில் தண்ணீர், 6.30 சோறு வடித்தல், 7.15 அம்மா வேலையிலிருந்து வருதல். 8 மணிக்குச் சாப்பாடு, டிவி. உங்கள் மாலை வகுப்பு 5.30 முதல் 7 வரை என்றால், அந்தப் பிள்ளையின் நாளில் நகர்த்தவே முடியாத ஒன்றரை மணி நேரத்தின் மேல் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் தாளில் அதே ஒன்றரை மணி நேரம் வெறுமையாக இருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவுக்குக் காட்டுங்கள். 'அக்கறையில்லாத குடும்பம்' என்ற பேச்சு அதோடு நிற்கும்.

அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். 'பொருளாதாரக் காரணம்' என்று சுருக்கி எழுதினால் அதிலிருந்து எதுவும் கிடைக்காது. 'ஏழு மணிக்கு மேல அந்தத் தெரு வழியா பொண்ணைத் தனியா அனுப்ப மாட்டேன்' என்று எழுதினால் எந்தத் தெரு, என்ன பயம், யார் கூட வந்தால் அனுப்புவார் என்று அடுத்த கேள்வி கிடைக்கிறது. அன்றைக்கு இரவே எழுதி முடித்துவிடுங்கள். மறுநாள் நினைவில் நம் கருத்துதான் மிஞ்சும்.

இப்போது சிக்கலை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். இந்த முறையில் மிகவும் கடினமான பகுதி இதுதான். அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. 'கிராமப்புற மாணவர்களிடம் வாசிப்பு ஆர்வத்தை ஏற்படுத்துவது எப்படி?' என்பது பயனற்ற வாக்கியம். யார் என்று இல்லை, ஆர்வக் குறைவுதான் காரணம் என்று முன்கூட்டியே தீர்ப்பும் சொல்லிவிட்டது. 'மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற, எழுத்து நிலையில் உள்ள ஒன்பது பிள்ளைகள், வீட்டு வேலை கெடாமல் வாரத்தில் ஐந்து நாள் நாற்பது நிமிடம் வாசிக்க என்ன வழி?' என்பது வேலை செய்யக்கூடிய வாக்கியம். எழுதியதை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். பழி பிள்ளை மேலோ பெற்றோர் மேலோ விழுகிறதா? தீர்வு உள்ளேயே ஒளிந்திருக்கிறதா ('டேப்லெட் கொடுப்பது எப்படி' என்பதுபோல)? இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்க்க முடியுமா?

இந்த வரையறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரசுத் திட்டங்களே சான்று. பீகாரில் 2006-இல் 9-ஆம் வகுப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில் பெண்களின் சேர்க்கை 30 விழுக்காட்டுக்கு மேல் கூடியது தெரிந்தது. அந்தக் கூடுதல் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில் வந்தது. தூரம்தான் தடை என்று சரியாகப் பிடித்ததால் சைக்கிள் வேலை செய்தது. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். மதிய உணவு பல பத்தாண்டுகளாக இருந்தும், காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளையின் முதல் மூன்று பாடவேளை அதற்குள் அடங்கவில்லை. 2022 செப்டம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கிப் பார்த்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். ஆனால் வரையறை '1 முதல் 5 வரை' என்று நிற்பதால், உங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளியில் ஐந்தாவது படிக்கும் தங்கை சாப்பிட, ஆறாவது படிக்கும் அக்காள் அதே வளாகத்தில் பசியோடு இருக்க நேர்கிறது. வீட்டுத் தாள்களை நிரப்பும்போது காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

யோசனைகளுக்கு அரை மணி போதும் என்றேன். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் எழுதட்டும். பிறகு பிள்ளைகள் முதலில், அம்மாக்கள் அடுத்து, தலைமை ஆசிரியரும் தலைவரும் கடைசியில் பேசட்டும். வரிசை மாறினால் பெரியவர் சொன்னதை எல்லோரும் ஆமோதிப்பதோடு கூட்டம் முடியும்.

மேலே சொன்ன வாக்கியத்துக்கு மூன்று விதமான மாதிரிகளைச் செய்து பார்க்கலாம். ஒன்று, தம்பி தங்கையோடு வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓரத்தில் ஒரு பாய், ஐந்தாறு சிலேட்டு, சாக்பீஸ், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கூடுதல் தன்னார்வலர். இரண்டு, இடத்தைக் குடியிருப்புக்குள்ளேயே கொண்டுபோய், நேரத்தை அம்மா வீடு திரும்பிய பிறகு, 7.30-லிருந்து 8.15 வரை வைப்பது. இரண்டுக்கும் சேர்த்து அட்டை, பாய், சிலேட்டு, ஒரு சார்ஜ் விளக்கு என்று ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மூன்றாவது, என் பார்வையில் மற்ற இரண்டையும்விட வலுவானது: மாலையை விட்டுவிட்டு, பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பாடவேளையில் 6, 7, 8 மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் வாசிப்பு நிலைப்படி பிரித்து உட்கார வைப்பது. வராத பிள்ளை என்ற கேள்வியே இதில் பெருமளவு குறைந்துவிடும். தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று தொடக்க வகுப்புகளில் நிலை பிரிப்பது ஆசிரியர்களுக்குப் பழக்கம்தான். ஹரியானாவில் இதே முறையைச் சோதித்தபோது, நாள்தோறும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையும் இருந்தபோது பலன் கிடைத்தது. 'வழக்கமான பாடத்தோடு சேர்த்துச் செய்யுங்கள்' என்று விட்ட இடங்களில் பாடப்பகுதியை முடிக்கிற அவசரம் அதை விழுங்கிவிட்டது. ஆகவே தலைமை ஆசிரியரிடம் 'பத்து வேலை நாட்களுக்கு மட்டும்' என்று கேளுங்கள். நிரந்தர மாற்றத்துக்குத் தயங்குகிறவரும் பத்து நாளுக்கு இசைவார்.

அந்த நேரத்தில் என்ன படிப்பது? பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் 'அம்மா, ஆடு' புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போகும். பேருந்துப் பலகை, கிரிக்கெட் ஸ்கோர், ரேஷன் கடை அறிவிப்பு, படச் சுவரொட்டி ஆகியவற்றிலிருந்து சொற்களை எடுத்து அட்டையில் பெரிதாக எழுதுங்கள். தமிழில் இந்த நிலைப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் குறிகளில்: கெ, கே, கை, கொ, கோ, கௌ. ஒரே மெய்யை எடுத்து எல்லாக் குறிகளோடும் உரக்கச் சொல்லிப் பழகிவிட்டு, அதே நாளில் அவை வரும் சொற்களுக்குப் போங்கள். ர-ற, ல-ள-ழ வேறுபாட்டுக்கு முதல் மாதத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். வாசிக்க வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.

சோதிப்பதற்கான கணக்கை, தொடங்குவதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் உங்களை ஏமாற்றும். நாற்பது பேர் வந்து அந்த ஒன்பது பேரில் ஒருவரும் இல்லாமல் போகலாம். எண்ண வேண்டியது: ஒன்பது பேரில் எத்தனை பேர் பத்து நாளில் ஏழு நாளாவது வந்தார்கள்? ஆறு பேருக்குக் குறைந்தால் அந்த மாதிரியைக் கைவிட்டு அடுத்ததற்குப் போவது என்று முடிவு செய்துகொள்ளலாம். வாசிப்பு நிலையைப் பத்து நாளில் அளக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஓடிய பிறகு, வேறொரு தாளை வைத்து, பாடம் நடத்தாத ஒருவர் அளக்க வேண்டும். நடத்தியவரே அளந்தால் பிள்ளை திக்கும்போது முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்துவிடுவார்.

மாதிரி நன்றாகப் போகும்போதும் சில சறுக்கல்கள் வரும். சுண்டல் கொடுத்தால் கூட்டம் பெருகி, தன்னார்வலரின் நேரம் மீண்டும் நன்றாகப் படிக்கிறவர்களிடம் போய்விடும். எழுத்து நிலைக் குழுவுக்கு எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கதைப் புத்தகங்களோடு தனியே ஓர் இடம் இருக்கட்டும். வகுப்புக்கு 'சிறப்பு', 'குறைதீர்' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். 'வாசிப்பு நேரம்' போதும். கல்லூரி படிக்கும் தன்னார்வலர்கள் தங்கள் தேர்வு மாதத்தில் காணாமல் போவார்கள்; அதை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து மாற்றாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பட்டியலைப் பார்க்கும்போது, மொழி ஆசிரியர் பணியிடமே காலியாகக் கிடந்த ஆண்டுகளில் படித்த பிள்ளைகள்தான் வாசிக்காமல் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால், அதற்குப் புதுமையான மாதிரி எதையும் தேடாதீர்கள். 6 முதல் 8 வரை அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியராவது, 35 பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கில், சட்டப்படி இருக்க வேண்டும். சட்டம் கொடுத்த உரிமையைத் தன்னார்வலரின் இலவச உழைப்பால் ஈடுகட்டத் தொடங்கினால், காலியிடம் காலியிடமாகவே நிலைத்துவிடும். கழிப்பறை, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் அப்படித்தான். இவற்றை மேலாண்மைக் குழுத் தீர்மானமாக எழுதுங்கள். 'ஆசிரியர் தேவை' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, எத்தனை பிள்ளைகள், அவர்களில் எழுத்து நிலையில் எத்தனை பேர் என்று பெயர் இல்லாத எண்களைச் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலும் அதையே வாசியுங்கள். வாசிப்பு நேரம் ஒருபுறம் நடக்கட்டும், இது ஒருபுறம் நடக்கட்டும்.

ஜூனில் புதிதாக ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களைச் சேர்த்து முதல் இரண்டு வாரத்துக்குள் பட்டியலை மறுபடி எடுத்துவிடுங்கள். அவர்களின் மாலை நேரம் இந்த ஆண்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், அவர்களிலும் நான்கைந்து வீடுகளுக்குப் போய்க் கட்டம் போட்ட தாளை நிரப்பிவிட்டு நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்.